கைவினையும் கொலைவினையும்

குற்றாலச் சாரலில் நனைந்து தென்காசிக்குத் திரும்பும்போது இரும்புக் கடைகளைக் காண்கிறோம். வீட்டுக்கு நீர் கொணரும் குழாயும் கதிர் அறுக்கும் அரிவாளும் அங்கே அருகருகே கிடக்கின்றன. அவற்றில் தீமை ஏதுமில்லை. பின் தீமை எங்கே புகுகிறது?

2007 ஆகஸ்டு 14 அன்று இந்நகரில் நிகழ்ந்த மோதலில் 6 உயிர்கள் மாய்ந்தன. அப்புண் ஆறுமுன்னரே, 2008 ஜனவரி 24 அன்று, ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பேருந்து நிலையப் பகுதியிலும் குழாய்க் குண்டுகள் வெடித்தன. பகை மூட்டும் நோக்குடன் அத்தரப்பினரே அவற்றை வைத்தனர் எனக் கூறிக் காவல்துறை சிலரைக் கைது செய்தது. நீர் சுமக்க வேண்டிய குழாய் நெருப்பைச் சுமந்தது.

'படையும் பணமும் அற்ற எளியவன், கைக்குக் கிடைத்ததை ஆயுதமாக்குவதில் பிழை என்ன?' என நம்மில் பலர் கேட்பதுண்டு. புறந்தள்ளத்தக்க கேள்வியன்று இது. 1987இல் மூண்ட பாலஸ்தீன எழுச்சியின் அடையாளமே தெருக்கல்தான். ஆனால் 2001 முதல் காசாவின் பட்டறைகளில் உருவான கசாம் ஏவுகணை எவர் வீட்டில் விழும் என்பதை எய்தவனே அறியான். ஈழத்தில் புலிகள் தாமே செய்த ஜொனி மிதிவெடியும் அத்தகையதே. இலங்கைப் படையினரும் கண்ணிகளைப் புதைத்தனர். போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது, கண்ணிகள் ஓயவில்லை. சிப்பாயின் காலையும் உழவனின் காலையும் அவை வேறுபடுத்தி அறியா.

ஒடுக்கப்பட்டோனின் வழக்கு நீதியானதாய் இருக்கலாம். அரசுகளின் விமானங்கள் அவனினும் பன்மடங்கு உயிர் குடிப்பதும் உண்மையே. அதைக் கண்டியாது அவனுக்கு மட்டும் அறமுரைப்பது கயமை. ஆயினும், 'ஏன் போரிடுகிறாய்?' என்ற வினாவுக்குரிய நல்ல விடை, 'யாரைக் கொல்கிறாய்?' என்ற வினாவுக்கு விடையாகாது. கருவியின் குறைக்கு ஏழ்மை காரணமாகலாம்; அதனால் மாயும் குழந்தைக்கு ஏழ்மை ஈடாகாது.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கண்டார். அந்நாளை நோக்கி நடப்போர் முதலில் தம் தெருவைப் பார்க்க வேண்டும். குழாய் வாங்க வருபவனின் நெஞ்சைக் கடைக்காரர் அறியார். ஆனால் அந்நெஞ்சில் வன்மம் ஊறிய திண்ணையை, தேநீர்க் கடையை, நாம் அறிவோம். அங்கே அயலாரைப் பழித்துப் பேசியபோது நாம் மறுத்தோமா, மௌனமாய்த் தேநீர் அருந்தினோமா? இரும்பு ஆயுதமாவது பட்டறையிலன்று, அம்மௌனத்தில்தான்.