கம்பியில் இருக்கிறதா இனிமை?

காந்தருவதத்தையை யாழில் வெல்ல வந்த சீவகனிடம் யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டுகிறார்கள். அவன் ஒவ்வொன்றையும் ஒதுக்குகிறான். ஒன்று தண்ணீரில் நின்று இளகிய மரம். ஒன்று வாள் வெட்டுப்பட்டது. ஒன்றில் இடி விழுந்திருக்கிறது. ஒன்று கொல்லை உழவர் வைத்த தீயில் வெந்தது. சீவக சிந்தாமணி இந்த இடத்தை விரிவாகவே சொல்கிறது. பழைய இசையிலக்கணம் மரத்தோடு நிற்கவில்லை. நரம்புக்கும் மயிர், தும்பு, முறுக்கு, கொடும்புரி என்று நான்கு குற்றம் வகுத்தது. குறை சொன்னவன் காரணமும் சொன்னான் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி அவன் நகர்ந்துவிடவில்லை.

ஆயிரம் ஆண்டு கழிந்து அதே ஆராய்ச்சி இப்போது காதுக்குள் நடக்கிறது. மேடைப் பாடகருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் உரியதாக இருந்த இன்-இயர் மொனிட்டர் (ஐஈஎம்) இன்று வீட்டில் பாட்டுக் கேட்பவரின் ஆசைப் பொருளாகிவிட்டது. 1991இல் மீட் கில்லியனின் எட்டிமோட்டிக் நிறுவனம் ஈஆர்-4 என்ற உள்காது ஒலிப்பானை வெளியிட்டது. 1995இல் ஜெரி ஹார்வி, வான் ஹேலன் குழுவின் ட்ரம்ஸ் கலைஞருக்காக ஒன்றைச் செய்து கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்த சந்தையில் 2022இல் மூன்ட்ரொப் சூ 20 டொலருக்கு அறிமுகமானது. காதுக்குப் பன்னிரண்டு ஆர்மெச்சர் ட்ரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட 64 ஓடியோ யூ12டி 1,999 டொலருக்கு அறிமுகமானது. அதற்குமேல் காதில் பொருத்தும் சிலிக்கோன் டிப், நுரை டிப், வெள்ளிக் கேபிள், தூய செப்புக் கேபிள் என்று தனித்தனிக் கடைகளே உண்டு. சில கேபிள்களின் விலை ஐஈஎம்மின் விலையையே மிஞ்சும்.

இதில் ஒரு மெய்யான தத்துவக் கேள்வி இருக்கிறது. கேபிளை மாற்றியதும் குரல் தெளிந்துவிட்டது, தம்புரா விலகி நிற்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்படியானால் அவர் எதை அறிந்தார்? கம்பியையா, தன்னையா?

இந்தக் கேள்விக்குத் தமிழில் ஆயத்தமான கருவி ஒன்று எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை அளவையில் தொடங்குகிறார். கடவுளைப் பற்றிப் பேசுமுன், ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம் என்பதைத் தீர்த்துக்கொள்கிறார். பலரும் பலவாறு எண்ணும் அளவைகள் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்பது அவர் முடிவு. காண்டலையும் நான்காகப் பிரிக்கிறார். புலன் வழியாக வருவது இந்திரியக் காட்சி. அதை மனம் பற்றித் தெளிவது மானதக் காட்சி. தனக்குள் எழும் இன்ப துன்பத்தைத் தானே அறிவது தன்வேதனைக் காட்சி. தொலைவிலும் வேறு காலத்திலும் உள்ளதை இருந்த இடத்திலிருந்தே அறிவது யோகக் காட்சி.

கேபிள் மாற்றியவரின் மகிழ்ச்சியை இந்தப் பகுப்பில் வைத்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இன்பம் வந்தது என்பது தன்வேதனைக் காட்சி. அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அந்த இன்பத்துக்குக் காரணம் இந்த வெள்ளிக் கம்பி என்பது காட்சியே அல்ல, கருதல். கருதலுக்கு ஏது வேண்டும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பவன், புகை நெருப்பில்லாத இடத்தில் எழாது என்று அறிந்திருக்க வேண்டும். இன்பமோ கம்பி மாறாத இடத்திலும் எழுகிறது. கலிபோர்னியாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் ஒருமுறை 90 டொலர் என்றும் சொல்லி 20 பேருக்குக் கொடுத்தார்கள். விலை கூடியபோது சுவை கூடியதாக அவர்கள் சொன்னார்கள். மூளைப் படத்திலும் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக இயங்கியது. அவர்கள் நடிக்கவில்லை. உள்ளே இன்பம் உண்மையிலேயே கூடியிருந்தது, வைன் மட்டும் மாறவில்லை.

இதைத் திருகோணமலையில் வைத்து யோசிப்பது பொருத்தம். இந்த மாவட்டத்தின் சமயமே ஒலியால் ஆனது. சுவாமிமலைப் பாறையின் பிளவை இராவணன் வெட்டு என்று காட்டும் ஊர்க்கதையில் இராவணன் சாமகானம் இசைத்துத்தான் அருள் பெறுகிறான். தெற்கே ஈச்சிலம்பற்றுப் பக்கம் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் நின்றால் ஒரு காதுக்குக் கடலும் மறு காதுக்குக் களப்பும் கேட்கும். வெருகல் முருகன் கோயில் வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் கடந்துபோகும் கரை அது. சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. பண் புறநீர்மை. கழலின் ஒலியும் சிலம்பின் ஒலியும் அதன் தொடக்கத்திலேயே எழுகின்றன, கடல் இரைந்து முத்தை ஒதுக்குகிறது. இந்தக் கரையில் நிற்கும் எவருக்கும் அந்தக் கடல் தெரிந்த கடல்தான்.

ஆனால் சம்பந்தர் இங்கே வரவில்லை. இராமேச்சுரத்தில் இருந்தபடியே கோணமலையையும் கேதீச்சுரத்தையும் பாடினார் என்கிறார் சேக்கிழார். அந்த அலையோசை அவர் செவிக்குள் காற்றின் வழியாகப் போகவில்லை. அருணந்தியின் பகுப்பில் அது நான்காம் காட்சிக்குரியது. நம்புகிறவருக்கு இது அருள். நம்பாதவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: ஈழத்துச் சைவர் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் ஒலிச் சித்திரம் ஒன்று, அந்த ஒலி காதில் விழாமலே உருவாகியிருக்கிறது.

அதனால் கருவி வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. சித்தாந்தம் செவியையும் ஒரு கருவியாகவே எண்ணுகிறது. முப்பத்தாறு தத்துவங்களில் அதற்கு இடம் உண்டு. கேட்பது காது அல்ல, காதைக் கொண்டு உயிர் கேட்கிறது. காதுக்கு வெளியே இன்னொரு கருவியைச் சேர்ப்பதில் பாவமோ புண்ணியமோ இல்லை. அது தன் வேலையைச் செய்கிறதா என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை அளவுகோலோடு கேட்ட துறவி ஒருவர் கிழக்கு மாகாணத்திலேயே இருந்தார்.

1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய காலத்தில் அதன் பொறுப்பையும் சுமந்தவர். பல ஆண்டு உழைத்து அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்த நூலில் யாழின் உறுப்புக்கு ஓர் இயல், நரம்புக்கு ஓர் இயல், தேவாரத்துக்கு ஓர் இயல் உண்டு. மறைந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து மீட்டவர், சுரங்களின் இடைவெளியைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பக்தி இருந்ததால் அளவை தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை. பிற்காலத்து ஒலிப்பிரியர்கள் அவரிடம் கற்கவேண்டியது இதைத்தான்.

அவருடைய கண்ணால் ஐஈஎம்மைப் பார்த்தால் முதலில் நிற்க வேண்டிய இடம் டிப். மிக மலிவான உறுப்பு, மிகப் பெரிய மாற்றம். காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரைச் சென்றிமீற்றர் நீளம், நேராக இராது, வலமும் இடமும் ஒரே அளவாக இருப்பதில்லை. டிப் சரியாக அடைக்காமல் சிறு இடைவெளி விழுந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்து மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். மூடிய குழாயில் உயர்ந்த அதிர்வெண்ணில் எழும் ஒத்ததிர்வு அந்த ஆழத்தைப் பொறுத்து நகரும். ஓதுவாரின் சகரம் காதைக் கீறுவதும் இதமாக விழுவதும் பெரும்பாலும் இங்கே தீர்கிறது. டிப்பின் வாய் அகலம், நுரையா சிலிக்கோனா என்பதெல்லாம் அளவுக் கருவியில் தெரியும் வேறுபாடுகள். அடைப்பு நன்றாக இருந்தால் வெளி இரைச்சல் குறைந்து சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. செவியை இழந்தபின் எந்தப் பண்ணும் இல்லை.

இந்த அறிவு இங்கே புதிதும் அல்ல. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்பவர்கள் துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியைக் காதோடு சேர்த்துக்கொள்வார்கள். 1848இல் அங்கே போன எமர்சன் டெனன்ட், படகின் பலகையில் காதை வைத்ததும் ஒலி பெருகியதை எழுதி வைத்திருக்கிறார். ஒலிக்கும் செவிக்கும் இடையே உள்ள இணைப்பு மாறினால் கேட்பது மாறும். யார் வேண்டுமானாலும் போய்ச் சோதிக்கலாம், மீன் பாடுகிறதென்று நம்பியிருக்க வேண்டியதில்லை.

கேபிளின் கதை வேறு. யாழ் நரம்புக்குக் குற்றம் வகுத்தவர்கள் அதிரும் பொருளைப் பற்றிப் பேசினார்கள். நரம்பே ஒலி, அதில் மயிர் கலந்தால் ஒலியில் கலந்ததாகும். கேபிள் அதிர்வதில்லை, மின்னோட்டத்தைக் கடத்துகிறது. வெள்ளி செப்பைவிட ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு நன்றாகக் கடத்தும். ஒரு செப்புக் கேபிளின் தடை 0.2 ஓம் என்றால், அதே தடிப்பில் வெள்ளி வைத்துப் பெறும் இலாபம் 0.01 ஓம் அளவுதான்.

இருந்தாலும் கேபிள் ஒன்றுமே செய்யாது என்று சொல்வதும் அளவைக்கு எதிரானது. கேம்ப்ஃபயர் நிறுவனத்தின் அண்ட்ரோமெடா போன்ற சில ஐஈஎம்களின் மின்தடை மிகக் குறைவு, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறவும் செய்யும். அவற்றுக்கு முன்னால் ஓர் ஓம் இரண்டு ஓம் கூடினாலே தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் உள்ள விகிதம் கேட்கும்படி மாறலாம். யூ12டியில் தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள், அங்கே அதே தடை கூடினாலும் அந்த மாற்றம் வராது. ஆகவே மாற்றம் வரும் இடத்தில் அதைச் செய்வது தடை. உலோகத்தின் புனிதமோ விலையோ அல்ல. திருகோணமலையின் உப்புக் காற்றில் செப்பு பச்சை பிடிக்கும், அதற்காக நல்ல உறை கொண்ட கேபிள் வாங்குவது நியாயம். மிருதுவாக இருக்கிறது, பின்னல் அழகாக இருக்கிறது என்பதும் நியாயம். அந்த அழகு கண்ணுக்கும் கைக்கும் உரியது, அப்படியே சொல்லி வாங்கலாம்.

விலைக்கும் ஒலிக்கும் உறவு உண்டா என்று ஜெரோன் பிரீபார்ட் 2017இல் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். அதிர்வெண் துலங்கலுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. பெட்டிகளில் 40,000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும், மனிதச் செவி 20,000க்கு மேல் போகாது, வயது ஏற ஏற அதுவும் குறையும். பக்கத்தில் எழும் ஒலியெல்லாம் செவிக்கு எட்டிவிடுவதும் இல்லை. திருகோணமலைக் கடலில் 1984இல் ஆய்வாளர்கள் நீலத் திமிங்கிலத்தின் பாட்டைப் பதிந்தார்கள். சுவாமிமலையில் நிற்பவருக்குத் திமிங்கிலம் மூச்சுவிடுவது தெரியும், அது பாடுவது கேட்காது. எல்லை உள்ள செவிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் மரபின் அடிப்படை. பளிங்கு அருகில் உள்ள நிறத்தைக் காட்டுவதை அதற்கு உவமையாகச் சொல்வார்கள். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய தேவாரத்தைக் கேட்க அமர்ந்தவர், பத்து நிமிடம் கழித்துக் கேபிளை மாற்றி அதே அடியை மறுபடி ஓடவிடுகிறார். பிறகு டிப்பை மாற்றி மீண்டும். இப்போது அவர் சார்ந்திருப்பது பதிகத்தை அல்ல, கருவியை. ஒப்பிடுவது குற்றமில்லை, விபுலாநந்தரும் ஒப்பிட்டார். ஆனால் ஒப்பீடு முடியும் நாள் ஒன்று வேண்டும். அடுத்த கேபிள் வந்தால்தான் பாட்டு முழுமையாகும் என்று வாழ்பவருக்கு எந்தப் பாட்டும் முழுமையாவதில்லை.

திருமந்திரம் யோகியின் உள்ளே எழும் ஒலிகள் பத்து என்கிறது. யாழும் சங்கும் பேரிகையும் வண்டும் அவற்றில் உண்டு, கடலும் உண்டு. வாக்கு நான்கில் செவிக்கு எட்டுவது வைகரி ஒன்றே, அதற்குமுன் மூன்று நிலை இருக்கிறது என்பதும் சித்தாந்தம். எவ்வளவு விலையுயர்ந்த ஐஈஎம்மும் வைகரிக்குள்தான் வேலை செய்கிறது. அந்த எல்லைக்குள் அது செம்மையாகச் செய்யட்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

அதைச் சோதிக்க வழி உண்டு. டிப்பை ஒருவர் தானாகவே சோதிக்கலாம், வேறுபாடு அவ்வளவு பெரிது. கேபிளுக்குப் பெயரை மறைக்க வேண்டும். முதலில் சத்த அளவைச் சமப்படுத்த வேண்டும், சற்றே உரத்தது எப்போதும் நல்லதாகவே கேட்கும். பிறகு இன்னொருவர் மாற்றித் தர, பத்துத் தடவை எது எது என்று சொல்ல வேண்டும். ஐந்தாறு சரியென்றால் அது ஊகம். ஒன்பது பத்து என்றால் ஏது கிடைத்துவிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு: காதின் மேல் வளையும் கம்பியின் எடையே அது எதுவென்று காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தவிர்க்க, ஐஈஎம் மாட்டியிருக்கும்போதே கேபிளின் கடைசி முனையில் வரும் மின்சமிக்ஞையைப் பதிந்து, இரண்டு பதிவையும் பெயரில்லாமல் ஒரே கேபிளில் கேட்டுப் பார்க்கலாம். சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தையே அதற்கு எடுத்துக்கொள்ளலாம். சகரமும் இடையினமும் நீண்ட இழுவையும் அதில் நிறைய வருகின்றன.