மறந்தால்தான் மன்னிப்பா?

அல்பேனியாவின் வடபகுதியிலுள்ள ஷ்கோடர் நகரில் சில நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாலை வெயில் தணிந்ததும் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தெருவில் உலாவ வருகின்றனர். முதியோர் மிதிவண்டியில் மெல்லச் செல்கின்றனர். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உரையாடுவோரும் உண்டு.

அருகிலேயே ஒரு கட்டிடம். பிரான்சிஸ்கன் சபையாருக்குரியதாயிருந்த அதனைப் பொதுவுடைமை அரசு விசாரணைச் சிறையாக்கியது. 2014 முதல் அது நினைவில்லமாக விளங்குகிறது. 1967 இல் நாட்டின் ஆலயங்களும் மசூதிகளும் மூடப்பட்டபோது, இந்நகரின் பேராலயம் விளையாட்டு அரங்காயிற்று. 1990 நவம்பரில்தான் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேறியது.

அச்சிறையறைகளைக் கண்டபின் தெருவில் இறங்கிய எனக்கு ஓர் எண்ணம் நெஞ்சை உறுத்தியது. சிறைப்பட்டோரும் சிறைப்படுத்தியோரும், அவர்தம் பிள்ளைகளும் ஒரே கடையில்தானே ரொட்டி வாங்குகின்றனர்! இரகசியக் காவல்துறை தம்மைப் பற்றி எழுதிவைத்த கோப்பைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்க 2015 இல் இயற்றப்பட்ட சட்டம் வழிசெய்கிறது. காட்டிக்கொடுத்தவர் அடுத்த வீட்டாராயிருக்கலாம், உடன்பிறந்தவராயும் இருக்கலாம். போனது போகட்டும் என்று விட்டுவிடுவதன்றோ கிறிஸ்தவப் பண்பு?

நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது எர்னஸ்ட் சிமோனி என்னும் குருவின் வாழ்வு. 1963 இல் கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலி முடிந்ததும் அவர் கைதானார். 18 ஆண்டுகள் சிறையும் கட்டாய உழைப்பும். விடுதலைக்குப் பின்னும் 1990 வரை இந்நகரின் சாக்கடைகளில் வேலை. 2014 இல் திரானா வந்த திருத்தந்தை பிரான்சிஸ் முன் அவர் யாவற்றையும் எடுத்துரைத்தார். 2016 இல் கர்தினாலானார். வதைத்தோரை மன்னித்தார், வதையை மறைக்கவில்லை.

நேர்ந்த தீமை இன்னதென்று அறியாமல் எதனை மன்னிப்பது? பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாவத்தைச் சொன்ன பின்னரே மன்னிப்பு மொழி பிறக்கிறது. காட்டிக்கொடுத்தவர் யாரெனத் தெரியாதபோது ஐயம் எல்லார்மேலும் படர்கிறது. நம் மௌனம் குற்றமற்ற அண்டை வீட்டாரையும் தண்டிக்கிறது.

ஆயினும் அந்தக் கோப்பு காவலர் எழுதியது. அஞ்சிக் கையொப்பமிட்டவரும் அதில் இருப்பர். எனவே உண்மையைத் தேடுவோர் இரக்கத்தோடும் வாசிக்க வேண்டும். மன்னித்துவிடு என்று துன்புற்றவருக்குக் கட்டளையிட, துன்புறாத நமக்கு உரிமையில்லை.

கடைசி மாலையில் முதியவர் இருவர் கைகோத்து நடந்து சென்றனர். அவர்களிடையே பழைய கணக்கு ஏதும் இருந்ததோ, அறியேன். இருந்திருந்தால், அதை அறிந்தே கைகோத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.