சுமைதாங்கி

1

சென்னையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருபது வருடமாகக் குடியிருக்கிறோம். வீட்டில் அலாரம் வைத்ததில்லை. பீச் ஸ்டேஷனுக்குப் போகும் முதல் மின்சார வண்டியின் சத்தத்துக்கு அம்மா எழுந்துகொள்வாள். அதற்கடுத்து ஏதோ ஒரு வண்டிக்கு நான் எழுவேன். பாரிமுனையில் ஆபீஸ். வண்டிதான் எங்கள் கடிகாரம்.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு. அன்றிரவோடு வண்டிகள் நின்றன. 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு. நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

முதல் இரண்டு மூன்று நாள் அந்த அமைதி பிடித்திருந்தது. ஜி.எஸ்.டி. சாலை இரைச்சல் இல்லை, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் இல்லை, பட்டப்பகலில் குயில். நான்காம் நாள் கண் விழித்தபோது மணி என்ன என்று தெரியவில்லை. செல்போனில் பார்த்தேன். தெரிந்த பிறகும் அந்த மணியை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமாட்டில் காப்பி இருந்தது. எடுத்துக் குடித்துவிட்டு மறுபடி படுத்தேன்.

பயமெல்லாம் பிறகுதான் வந்தது. என்னிடமிருந்து முதலில் போனது நேரம்.

2

முதலில் 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14ஆம் தேதி, மே 3 வரை என்று மேலும் 19 நாள் சேர்த்தார்கள். கூட்டினால் 40. அந்தக் காலத்தில் கொள்ளைநோய்க்கு அஞ்சி வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை நிறுத்திவைத்த நாட்களும் 40தான். குவாரண்டைன் என்ற சொல்லே இத்தாலியர்களின் நாற்பதிலிருந்து வந்தது.

நம் கணக்கு மண்டலம். மருந்தானாலும் விரதமானாலும் 48 நாள். மார்ச் 25இலிருந்து எண்ணிப் பார்த்தேன். 48ஆம் நாள் மே 11. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியதும் 1931இல் ஒரு மே 11ஆம் தேதிதான். மண்டலம் முடிந்தது. வண்டி வரவில்லை.

விரதம் இருப்பவருக்கு முடிக்கும் நாள் தெரியும். யாருக்காக இருக்கிறோம் என்பதும் தெரியும். எங்களுக்கு முதலாவது தெரியவில்லை, இரண்டாவது அடிக்கடி மறந்துபோனது.

2020 பிப்ரவரியில், இந்தியாவில் ஊரடங்கு வருவதற்கு முன்பே, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். சார்ஸ், எபோலா போன்ற நோய்களின்போது தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தார்கள். மனத்தை உடைப்பவை எவை? நாட்கள் நீள்வது, தொற்று பயம், சலிப்பு, சாமான் தட்டுப்பாடு, தெளிவில்லாத தகவல், பண இழப்பு, ஊரார் ஒதுக்கிவைப்பது. ஏன் அடைந்திருக்கிறோம் என்று புரிந்தால், இன்னொருவருக்காக இருக்கிறோம் என்று தோன்றினால், பாரம் குறைகிறது.

அம்மா லான்செட் படித்ததில்லை. “எப்ப முடியும்னு தெரிஞ்சா எதையும் பொறுத்துக்கலாம்டா” என்றாள்.

3

தினமும் மாலையில் சுகாதாரத்துறை எண்ணிக்கை சொல்லும். மாநிலத்தில் இத்தனை, சென்னையில் இத்தனை, செங்கல்பட்டில் இத்தனை. நேரம் நெருங்க நெருங்க என் மூச்சு மேலேறிவிடும். எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். எண் சொல்லி முடித்ததும் இன்னொரு சேனலில் அதே எண்ணை மறுபடி கேட்பேன்.

ஒருநாள் கவனித்தேன். நான் தேடியது தகவல் அல்ல, ‘உனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற வாக்கியம். அதைச் சொல்ல எந்தச் சேனலாலும் முடியாது. அன்றிலிருந்து ஒரு தடவை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பல நாள் தவறினேன். தவறியதைக் குறித்துவைத்தேன்.

4

ஸ்டேஷன் பெயரைப் பற்றி யோசித்ததே வண்டி நின்ற பிறகுதான்.

டேவிட் சௌரி முத்து என்ற காசநோய் மருத்துவர் 1928இல் இங்கே தொடங்கியது அந்த சானடோரியம். அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில் ஒன்றை நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தார். தாம்பரத்து சானடோரியத்தை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதுவரை மருத்துவர் கையில் பெரும்பாலும் இருந்தவை நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, வகுத்துவைத்த நாள். எழ ஒரு நேரம், நடக்க ஒரு தூரம், படுக்க ஒரு நேரம். அந்த ஒழுங்கு கிருமியைக் கொன்றிருக்காது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவருக்கு ‘அடுத்து என்ன’ என்று ஒன்றைக் கொடுத்திருக்கும். நானும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: மொட்டை மாடியில் முப்பது சுற்று, பத்து மணிக்குக் குளியல், நான்கு மணிக்கு ஒருவருக்குப் போன்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரு பிரிவு நோயாளிகளை சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. நெருக்கடியான வீடுகளில், போதாத சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட்டதில் சென்னையின் இந்த முடிவுக்கும் பங்குண்டு.

கொரோனாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அது வேறு கிருமி. நான் எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான். விலகி இருப்பது ஒரு வழி, அது மருந்தாகிவிடாது.

5

எங்களுக்குப் பேரிடர் புதிதல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அன்று யார் வீட்டு மொட்டை மாடியும் எல்லாருக்கும் பொது. பெயர் தெரியாதவர் தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். பயம் இருந்தது, தோளோடு தோள் ஒட்டி நின்ற பயம்.

இந்தத் தடவை அந்தத் தோள்தான் பயம். போன் போட்டால், நோயோடுதான் போராட வேண்டும், நோயாளியோடு அல்ல என்று ஒரு குரல் சொல்லும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கடந்து போகிறவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன்.

6

எதிர்வீட்டு டீச்சர் ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறார். கேட்டில் ஒரு ஒயர் கூடை தொங்கும், பால்காரர் ஆவின் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஏழு மணிக்குள் கூடை உள்ளே போய்விடும். போகாவிட்டால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட பொறுப்பு.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மீண்டும் முழு ஊரடங்கு. பாதிச் சம்பளம் என்று கடிதம் வந்திருந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் இறந்திருந்தார், போய்ப் பார்க்க முடியவில்லை. ஒரு காலை எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கை கால் என்னுடையவை மாதிரி இல்லை. மாடியிலிருந்து இறங்கிப் பாலெடுப்பது என் வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி. தலைமாட்டில் காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது.

ஏழே காலுக்குப் போன் அடித்தது. “தம்பி, உங்க கூடை இன்னும் தொங்குதே. என்னப்பா?”

அவரைக் கவனித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“தாங்க முடியல டீச்சர்” என்றேன். யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவர் தைரியம் சொல்லவில்லை. “ரெண்டு நாளா மாடியில உங்க நடைச் சத்தமே இல்ல” என்றார். பிறகு, டாக்டரிடம் போனில் பேசுங்கள் என்றார். பேசினேன். மாத்திரை எழுதினார், வாராவாரம் பேசச் சொன்னார்.

7

பழைய ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும். நட்ட இரண்டு கல்லின் மேல் படுக்கவைத்த ஒரு கல், தோளுயரத்தில். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக வைப்பார்கள். தலைச்சுமையோடு தனியே வருகிறவர், இறக்கிவிட இன்னொரு கை இல்லாமலே பாரத்தை அதன்மேல் வைத்து மூச்சு வாங்கலாம். பிறகு அந்த உயரத்திலிருந்தே மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பாரம் குறைவதில்லை. கழுத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஓய்வு.

துன்பத்தைத் தாங்குவதும் விழுகிறவரைத் தாங்குவதும் நமக்கு ஒரே சொல். முதலாவதைத்தான் மன உறுதி என்று நினைத்திருந்தேன். இரண்டாவது இல்லாமல் முதலாவது எத்தனை நாளைக்கு?

இப்படிப்பட்ட கற்களை நட்டுவைத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் பேசுவதைக் கேட்க 1986இல் சென்னையில் தொடங்கியது ‘ஸ்நேகா’. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கட்டணமில்லாமல் எந்த நேரமும் அழைக்கலாம்.

இதையும் எழுதிவைக்க வேண்டும். கால அட்டவணை, மொட்டை மாடி நடை எல்லாம் வீட்டில் அரிசி இருந்தவனின் வைத்தியம். அந்த மே மாதம் மூட்டையோடு ஜி.எஸ்.டி. சாலையில் நடந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கூலி, சோறு, ஊருக்கு ஒரு வண்டி.

8

அக்டோபர் 5 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் புறநகர் வண்டிகள் ஓடின. நவம்பரில் பெண்களுக்கும், டிசம்பர் 23 முதல் நெரிசல் இல்லாத நேரங்களில் எல்லோருக்கும்.

அக்டோபரில் ஒரு விடியலில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. டிகாக்‌ஷன் இறங்கி முடிந்திருந்தது. அப்படியானால் அம்மா வண்டிக்கு முன்பே எழுந்திருக்கிறாள்.

ஆறு மாதமாகத் தலைமாட்டில் இருந்த காப்பி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருநாள்கூட நேரம் தவறவில்லை.

“வண்டியே இல்லாம இத்தனை நாளா எப்படிம்மா எழுந்த?”

“வண்டிக்கா எழுந்தேன்? நீ எழுந்தா காப்பி கேப்பியே.”

டம்ளரை வாங்கிக்கொண்டு, பாலெடுக்கக் கீழே இறங்கினேன். எதிர்வீட்டுக் கூடை உள்ளே போயிருந்தது.