கருப்பையின்றிப் பிறந்தவள் குறைந்தவளா?



உங்கள் அயலில் ஒரு பெண்பிள்ளை 16 வயதாகியும் பெரியபிள்ளையாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "சாமத்திய வீடு எப்போது?" என்று கேளாதவர் இல்லை. வைத்தியரிடம் காட்டியபோது, பிறவியிலேயே கருப்பை இல்லை என்று தெரிகிறது. ஏறத்தாழ 5000 பெண் குழந்தைகளுள் ஒருத்தி இவ்வாறு பிறக்கிறாள். சூலகங்கள் பெரும்பாலும் செவ்வனே இயங்குவதால், வெளித்தோற்ற வளர்ச்சி பெரும்பாலும் ஏனைய பெண்களைப் போலவே அமையும்.

வீட்டில் எழும் முதற் கேள்வி, "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்பதே. பிறவிக் குருடனைக் கண்ட சீடரும் இதையே கேட்டனர். அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் தெளிவாகவே மறுத்தார்.

ஆறுதல் கூற வருவோர் சாராளையும் அன்னாவையும் எலிசபெத்தையும் எடுத்துக்காட்டுவர். நல்லெண்ணந்தான். ஆயினும் அவர்கள் யாவரும் ஈற்றில் பிள்ளை பெற்றவர்கள். பெறவே இயலாதவளுக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாகும். அவளுக்குரிய பகுதி எசாயா ஆகமத்தின் 56ஆம் அதிகாரத்தில் உண்டு. மக்கட்பேறற்ற அண்ணகர் தம்மைப் பட்டமரமென்று நொந்துகொள்ள வேண்டாம் என்கிறார் இறைவன். அவர்களுக்குப் பிள்ளைகளை அவர் வாக்களிக்கவில்லை. பிள்ளைகளிலும் மேலான, அழியாத பெயரைத் தமது இல்லத்தில் தருவதாகவே வாக்களிக்கிறார். அவர்கள் இருந்தவாறே அவருக்கு உகந்தவர்கள்.

இதைச் சொல்லி அவளுடைய அழுகையை அடக்கிவிடலாகாது. வராத பிள்ளைக்காக அழுவதும் ஓர் இழவே. லாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே! கண்ணீர் விசுவாசக் குறைவன்று. தாயோ சகோதரியோ அவளருகில் மௌனமாக இருந்து கேட்பதே பெரும் மருந்து.

இவளுக்குத் திருமணம் ஆகுமா? பிள்ளைப்பேறின்மை திருமணத்துக்குத் தடையல்ல என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (சட்டம் 1084). ஆனால் வஞ்சித்துப் பெற்ற சம்மதத்தை 1098ஆம் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே, மணம் முடிக்க விரும்பி வருபவனிடம் உண்மையை முன்னரே உரைப்பது நீதி. ஊராருக்கு உரைக்கும் கடமை அவளுக்கில்லை. துருவிக் கேட்கும் உரிமை ஊராருக்குமில்லை.

வாசகரே, அவளது சிலுவையை இறக்கிவைக்க நம்மால் இயலாது. 'மலடி' என்ற சொல்லால் அதன் பாரத்தைக் கூட்டாதிருக்க இயலும். இன்றே உங்கள் வீட்டில் அச்சொல்லுக்கு இடமளிக்காதீர்கள்.