சாமி குடிக்கிற சுருட்டு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமுல்லைவாயலிலிருந்து பெரியம்மா போன் பண்ணினார். "நாளைக்கு உங்க பெரியப்பாவுக்குத் திதி. வரும்போது அவர் குடிப்பாரே ஒல்லிச் சுருட்டு, அதுல ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. படையல்ல வைக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பா இறந்தது தொண்டைப் புற்றுநோயில். ஆளைக் கொண்டுபோன பொருளையே அவருக்குப் படைப்பதா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நாலு பெட்டிக்கடை. இல்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அதெல்லாம் நிறுத்தி வருஷக்கணக்காச்சு சார். சிகரெட் தரவா?" என்றார். கடைசியில் பூந்தமல்லியில் ஒரு பூஜை சாமான் கடையில், கற்பூரத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில் இருந்தது. முனீஸ்வரனுக்குப் படைக்க வாங்குவார்களாம். "இப்ப மனுஷங்க யாரும் குடிக்கிறதில்ல சார். சாமி மட்டும்தான் குடிக்குது!" என்று கடைக்காரர் சிரித்தார்.

வாழ்ந்து கெட்ட குடும்பம் மாதிரிதான் நம் சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் 'சுருட்டு'தான். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கீழே கிடந்த சாம்பலை வைத்தே கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார் ஹோம்ஸ். லண்டன் வரை அவ்வளவு பிரபலம்.

சுருட்டுக்குப் பேர்போன கியூபாவிலும் இப்போது ஒல்லிக்கு மவுசு குறைவு. ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் புகைத்த சுருட்டின் மணம் காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப்போக, அதைச் சுருட்டிக் கொடுத்தவரைத் தேடிப் பிடித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'கோஹிபா' சுருட்டு. அதில் 'லான்செரோ' என்பது ஏழரை அங்குல நீளம், விரலை விட ஒல்லி. அதைச் சுருட்டுவது கஷ்டம். கொஞ்சம் இறுக்கிவிட்டால் புகை வராது. புகைப்பதும் கஷ்டம், அவசரமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார வேண்டும். இன்றைய ரசிகர்கள் குண்டுச் சுருட்டுக்கு மாறிவிட்டார்கள். 2010-ல் அதே கோஹிபா கொண்டுவந்த 'பெஹிக்கே' வரிசை மூன்றுமே தடியன்கள்தான். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? யாருக்காக ஒல்லிச் சுருட்டு பிறந்ததோ, அந்தக் காஸ்ட்ரோவே நாட்டு மக்களின் ஆரோக்கியத்துக்கு முன்னுதாரணமாக 1985-ல் புகைப்பதை நிறுத்திவிட்டார்.

சரி, கேள்விக்கு வருவோம். கெடுதல் செய்த ஒரு பொருள் மறைந்துபோனால் அதற்காக ஏங்கலாமா?

"ஒழிஞ்சுது சனியன்" என்று சொல்லிவிடலாம். சுலபம். ஆனால், சுருட்டு எழுந்துபோன இடத்தில் ஆரோக்கியம் வந்து உட்காரவில்லையே! சிகரெட்டும் பாக்குப் பொட்டலமும்தானே வந்து உட்கார்ந்தன? நாம் திருந்தியதால் சுருட்டு போகவில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார நமக்கு நேரம் இல்லாமல் போனதால் போனது.

"அந்தக் காலம் மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடலாம். அதுவும் சுலபம். பெரியப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து வாசப்படியில் சுருட்டோடு உட்கார்ந்தால் அரை மணி நேரம் அவர் ஊருக்குச் சொந்தம். சீட்டுப் பணத் தகராறு, பெண்ணுக்கு வரன், பையனுக்கு வேலை, எல்லாம் அங்கேதான் பேசி முடியும். நான் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்ததும் அந்தப் படியில்தான். அந்தப் புகையை நானும்தான் சுவாசித்தேன். ராத்திரி முழுக்க அவர் இருமிய இருமலைப் பெரியம்மா ஒருத்திதான் கேட்டாள். பெருமூச்சு விடுகிறவர்கள் அந்த இருமலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் ஏங்குவது சுருட்டுக்காக இல்லை; அந்த அரை மணி நேரத்துக்காக. அதற்கு நெருப்புப் பெட்டி தேவையே இல்லை. வாசப்படி இன்றும் இருக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை. நாம் நேசித்த மனிதர் என்பதற்காக அவர் கையிலிருந்த எல்லாவற்றுக்கும் நாம் வக்கீலாக வேண்டியதில்லை. அவர் பழக்கம் தப்பு என்பதற்காக அவர் நினைவை மறைத்து வைக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே இலையில் வைக்க முடியுமா?

முடியும் என்று பெரியம்மா காட்டினாள். மறுநாள் இலை போட்டு, சோறு, வடை, பாயசம் எல்லாம் வைத்து, ஓரத்தில் அந்தச் சுருட்டையும் வைத்தாள். சாமிக்கு வைப்பதுபோலப் பற்றவைக்க வேண்டும் போல என்று நான் நெருப்புப் பெட்டியை எடுத்தேன்.

சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்த வைக்காதடா. அங்கயாவது இருமாம இருக்கட்டும்."