யார் வீட்டுப் பணம்?

சூதாட்டத்தில் ஜெயிப்பவனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை. அதிர்ஷ்டக்காரன் என்போம். உள்ளூரக் கொஞ்சம் பொறாமைப்படுவோம். ஆனால் ஒருத்தர் அதிர்ஷ்டத்தை நம்பாமல், கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டே இருந்தால்? கெட்டிக்காரர் என்பீர்களா, மோசடிப் பேர்வழி என்பீர்களா? அவசரப்படாதீர்கள். முதலில் ஆசாமியைப் பார்த்துவிடலாம்.

பெயர் பில் பென்ட்டர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்காரர். பிசிக்ஸ் படித்தவர். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962ல் ஒரு புத்தகம் எழுதினார். ‘பிளாக்ஜாக்’ சீட்டாட்டத்தில் வெளியே வந்துவிட்ட சீட்டுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தால் கஸினோவை ஜெயிக்கலாம் என்று அதில் நிரூபித்திருந்தார். பென்ட்டர் லாஸ் வேகஸ் போய் எண்ணினார், ஜெயித்தார். கஸினோக்காரர்கள் ‘இனிமேல் இந்தப் பக்கம் வராதே’ என்று கதவைச் சாத்தினார்கள். 1980களின் நடுவில் ஆலன் உட்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கூட்டாளியோடு ஹாங்காங் போய்ச் சேர்ந்தார்.

ஏன் ஹாங்காங்? அங்கே இருப்பது இரண்டே மைதானங்கள். ஆயிரத்துச் சொச்சம் குதிரைகள்தான் திரும்பத் திரும்ப ஒன்றோடொன்று ஓடுகின்றன. கணக்குப் பிள்ளைக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சாதாரண ரேஸ் பிரியர் எப்படி முடிவு பண்ணுகிறார்? போன ரேஸில் எத்தனாவதாக வந்தது, ஜாக்கி யார், எவ்வளவு எடை சுமக்கிறது, பக்கத்தில் நிற்பவர் காதோடு சொன்ன டிப்ஸ், குதிரையின் பெயர் பெண்டாட்டி பெயர் மாதிரி இருக்கிறதா... சாஃப்ட்வேரும் இதையேதான் பார்க்கிறது, கடைசி இரண்டைத் தவிர. கூடவே எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது, எத்தனை நாள் ஓய்வு, இந்தத் தூரம் அதற்கு ஒத்துவருமா என்று ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சங்கதிகள். பழைய ரேஸ் முடிவுகளை எல்லாம் அலசி, எந்தச் சங்கதிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கண்டுபிடிக்கிறது. ‘இதுதான் ஜெயிக்கும்’ என்று அது ஜோசியம் சொல்லாது. ‘மூணாம் நம்பருக்கு 20 சதவிகித வாய்ப்பு’ என்று மட்டும் சொல்லும். அந்தக் குதிரை ஜெயித்தால் ரூபாய்க்கு நாலு ரூபாய் திரும்பி வரும் என்றால் கட்டக் கூடாது. ஆறு ரூபாய் என்றால் கட்டலாம். அன்றைக்குத் தோற்கலாம், நாளைக்கும் தோற்கலாம். ஆயிரம் ரேஸ் முடிவில் கணக்கு ஜெயிக்கும்.

இதற்கான அடிப்படைச் சூத்திரத்தை ரூத் போல்ட்டன், ராண்டால் சாப்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1986லேயே கட்டுரையாக எழுதி அச்சிட்டுவிட்டார்கள். பென்ட்டர் அதில் கூட்டிய முக்கியமான சரக்கு, பொதுஜனம். ஆயிரக்கணக்கான பேர் பணம் கட்டக் கட்ட ஒவ்வொரு குதிரையின் விலை ஏறி இறங்குகிறது அல்லவா? அந்த விலைக்குள்ளே ஊராரின் அறிவு, வதந்தி, லாயத்து ரகசியம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதையும் எடுத்துத் தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டார். ஊராரிடமே புத்தி வாங்கி, அதை வைத்தே ஊராரை ஜெயிப்பது! 1994ல் இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் எழுதியும் வெளியிட்டார்.

சரி, இதில் என்ன தப்பு? எல்லாமே பகிரங்கமான தகவல். குதிரைக்கு ஊசி போடவில்லை, ஜாக்கிக்கு லஞ்சம் தரவில்லை. உழைப்பு, மூளை. பாராட்ட வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் பாராட்டுகிறேன். அப்புறம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

ஹாங்காங்கில் பந்தயம் கட்டுபவர் கிளப்போடு மோதுவதில்லை. எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. ‘வின்’ பந்தயத்தில் அதிலிருந்து நூற்றுக்கு 17.50ஐ முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள், வரி, தர்மம், நிர்வாகச் செலவு என்று. மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உண்டியலில் 1,000 டாலர் விழுந்தால் திரும்பி வருவது 825. எல்லாருமே நம்மைப் போன்றவர்கள் என்றால் சராசரியாக நூற்றுக்கு 17.50 நஷ்டம். இப்போது அந்த ஆயிரத்தில் 100 டாலர் சாஃப்ட்வேர் ஆசாமியுடையது, அவர் சராசரியாக 120 எடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கட்டிய 900க்குத் திரும்பி வருவது 705தான். அவர்களுடைய நஷ்டம் நூற்றுக்கு 17.50லிருந்து சுமார் 21.70 ஆகிவிட்டது. கிளப்புக்கு? ஒரு காசு குறையவில்லை.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. லாஸ் வேகஸில் பென்ட்டர் ஜெயித்தது முதலாளியின் பணத்தை. உடனே வெளியே தள்ளினார்கள். ஹாங்காங்கில் அவர் ஜெயித்தது டிராம் டிரைவர், மீன் வியாபாரி, ஆபீஸ் குமாஸ்தா ஆகியோரின் பணத்தை. அதனால் அந்த உண்டியலில் வருஷக்கணக்கில் கை வைக்க முடிந்தது.

அவருக்கே இது புரிந்திருக்க வேண்டும். 2001 நவம்பரில் ஹேப்பி வேலி மைதானத்தில் ‘டிரிபிள் ட்ரியோ’ என்ற பந்தயம். மூன்று ரேஸ்களில், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று இடத்துக்கு வரும் குதிரைகளைச் சொல்ல வேண்டும். ஒரு கோடிக்கு மேல் சாத்தியங்கள். பென்ட்டர் கோஷ்டி 51,381 விதமாகக் கட்டியது. 16 லட்சம் ஹாங்காங் டாலர் செலவு. பரிசு 11.8 கோடி! டிக்கெட்டை அவர் கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை. யாரும் கேட்காத பரிசு தர்ம காரியத்துக்குப் போய்விடும், போயிற்று. தர்மத்துக்குப் போனதே தவிர, தோற்றவர்கள் பாக்கெட்டுக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘விஸ்வநாதன் ஆனந்த் என்னோடு செஸ் ஆடி ஜெயித்தால் அநியாயமா?’ என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால், எதிரே உட்கார்ந்திருப்பது ஆனந்த் என்று உங்களுக்குத் தெரியும். பந்தயம் வைக்காமல் காபி வாங்கிக் கொடுத்து, கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். ரேஸ் கவுன்ட்டரில் கசங்கிய நோட்டோடு நிற்பவருக்கு, தான் யாரோடு ஆடுகிறோம் என்றே தெரியாது. குதிரையோடு ஆடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

நம் சட்டம் இந்த இடத்தைத் தொடவில்லை. குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்ற வழக்கு சென்னையில் இருந்துதான் டெல்லிக்குப் போனது. கிண்டி பந்தயங்களை நிறுத்த 1974ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடந்து நடந்து 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: ரேஸில் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையால், ஆகவே அது சூது அல்ல. (அந்தக் கிண்டி மைதானத்துக்கு 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது குத்தகைத் தகராறில், அது தனிக் கதை.)

திறமை இருந்தால் சூது இல்லை. சட்டத்துக்குச் சரி. ஆனால், யோசித்துப் பாருங்கள்: தாயக்கட்டை உருட்டும்போது கோடீஸ்வரனும் கூலிக்காரனும் சமம். தாயம் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. அதில் திறமை நுழைய நுழைய, ஒரு கை ஓங்குகிறது, இன்னொரு கை இறங்குகிறது. சட்டத்தின் கண்ணில் ஆட்டம் எவ்வளவுக்கெவ்வளவு சுத்தமாகிறதோ, தோற்பவர் கோணத்தில் அவ்வளவுக்கவ்வளவு அசமத்துவமாகிறது.

வள்ளுவரிடம் போனால், அவரும் பாதி வழிதான் வருகிறார். ‘சூது’ அதிகாரத்தைத் தோற்றவனுக்கு ஆறுதல் சொல்லி அவர் ஆரம்பிக்கவில்லை. ஜெயிப்பவனைத்தான் எச்சரிக்கிறார், அந்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் என்று. பெரும்பாலானவர்களுக்கு இது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பென்ட்டர் மீன் இல்லையே, கரையில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு வேறு குறள் வேண்டும்.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் ஒரு சோதனை வைத்திருந்தார்: நீ செய்வதை எல்லாருமே செய்தால் என்ன ஆகும்? எல்லாரும் அதே சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டால் எல்லாரும் அதே குதிரையில் கட்டுவார்கள், விலை சரிந்துவிடும், கிளப்பைத் தவிர யாருக்கும் லாபம் இல்லை. ஊரில் மற்றவர்களிடம் இல்லாதவரைதான் அது வேலை செய்யும். ‘வகுப்பில் ஃபர்ஸ்ட் ராங்க் வாங்குவதும் அப்படித்தானே?’ என்று மடக்கலாம். நியாயம்தான். ஆனால், உங்கள் பையன் ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கினால் பக்கத்து வீட்டுப் பையனின் பாக்கெட் மணி காலியாவதில்லை. அதோடு, ‘ரேஸில் நிச்சய லாபம்’ என்று சாஃப்ட்வேரைக் கடையில் விற்பவர்களைப் பற்றியும் இதிலிருந்தே நீங்கள் முடிவுக்கு வந்துவிடலாம். நிஜமாகவே பொன் முட்டையிடும் வாத்தை யாராவது தவணையில் விற்பார்களா? லேப்டாப்போடு கிளம்ப நினைக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தகவல்: கட்டும் முழுத் தொகைக்கும் 2023ல் 28 சதவிகித ஜி.எஸ்.டி., 2025ல் அது 40 ஆனது. அதைத் தாண்டி ஜெயிக்கும் சூத்திரம் பென்ட்டரிடமே இருக்காது.

எனக்குப் பென்ட்டர் மேல் பெரிய கோபம் இல்லை. கோபமெல்லாம் உண்டியலைக் காவல் காப்பவர்கள் மேல். அமெரிக்காவில் இன்று இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் கோஷ்டிகளுக்கு, நிறையப் பணம் கட்டுகிறார்கள் என்பதற்காக, கட்டியதில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகத் திருப்பித் தருகிறார்கள். கவுன்ட்டர்காரருக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. ரேஸ் கிளம்பும் கடைசி நிமிஷத்தில் மிஷின்கள் கொட்டும் பணத்தில், அஞ்சுக்கு ஒன்று என்று அவர் நம்பிக் கட்டிய குதிரை மூணுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. புகார்கள் வந்து, நியூயார்க் பந்தய நிர்வாகம் 2021ல் கடைசி இரண்டு நிமிஷம் ‘வின்’ உண்டியலில் மிஷின்கள் கை வைக்கக் கூடாது என்று நிறுத்தியது. ஆக, செய்ய முடியும். மனசு வைத்தால்.

நமக்கு இது புதுசே இல்லை. நளன் கதையில், தேரோட்டிக்கொண்டு போகும்போது இருதுபன்ன ராஜா ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை காய் என்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. தனக்குத் தெரிந்த குதிரை வித்தையைக் கொடுத்து, அவனுடைய எண் வித்தையை வாங்கிக்கொள்கிறான். குதிரையும் கணக்கும் அன்றைக்கே சந்தித்துவிட்டன! முதல் ஆட்டத்தில் கலியின் தயவால் ஜெயித்த புட்கரன், நளன் திரும்பி வந்து மறுபடி ஆடக் கூப்பிட்டபோது சந்தோஷமாக உட்கார்ந்தான். எதிரே இருப்பவன் இப்போது வித்தை தெரிந்தவன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நளன் நாட்டை ஜெயித்தான். ஜெயித்த கையோடு, புட்கரனுக்குச் சேர வேண்டிய பங்கை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். ஒரு மாதம் அரண்மனையிலேயே வைத்து உபசரித்து ஊருக்கு அனுப்பினான் என்கிறது பாரதம்.