பதக்கத்தின் பின்புறம்

பொருள் சேகரிப்பவர்கள் மீது எழுத்தாளர்களுக்கு லேசான இளக்காரம் உண்டு. தபால்தலை, தீப்பெட்டிப் படம், பழைய நாணயம் எல்லாம் அனுபவத்துக்குப் பதிலாக ஆல்பத்தை வைத்துக்கொண்டவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சேகரிப்பவன் தன் கைக்கு வந்த பொருள் யாருடையது என்று கேட்கத் தொடங்கும்போது விஷயம் வேறு தளத்துக்குப் போய்விடுகிறது. சோவியத் ராணுவப் பதக்கங்களைச் சேகரித்து, அவற்றைப் பெற்றவர்கள் யார் என்று தேடுகிறவர்கள் இதற்குத் தீவிரமான உதாரணம். இன்னொருவனுடைய மரியாதையை விலை கொடுத்து வாங்கியவனுக்கு, அந்த இன்னொருவனைப் பற்றி அறிந்துகொள்ள என்ன உரிமை? அறிந்துகொண்ட பின் என்ன கடமை?

சோவியத் மரபில் ‘ஆர்டர்’ உயர்ந்தது, ‘மெடல்’ அதற்கு ஒரு படி கீழே. இந்த வித்தியாசம் நம் வாதத்துக்கு அவசியமில்லாததால் பெரும்பாலும் இரண்டையும் பதக்கம் என்றே சொல்கிறேன். 1930இல் நிறுவப்பட்ட செந்நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளியில் செய்தது. சிவப்பு எனாமல் பூசிய ஐந்து முனைகள். நடுவே துப்பாக்கி ஏந்தி நிற்கும் செஞ்சேனை வீரன். அவனைச் சுற்றி உலகத் தொழிலாளர்களை ஒன்றுபடச் சொல்லும் வாசகம். சுமார் 38 லட்சம் முறை வழங்கப்பட்ட இந்தப் பதக்கத்தின் முன்புறம் எல்லாவற்றிலும் ஒன்றே. பின்புறத்தில் நாணயச் சாலையின் முத்திரையும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது அந்த எண் மட்டுமே. லட்சியம் முன்புறத்தில், மனிதன் பின்புறத்தில், அதுவும் எண்ணாக.

எண் பொறித்தது கணக்குக்காக. பதக்கத்தோடு பணமும் வந்தது: செந்நட்சத்திரத்துக்கு மாதம் 15 ரூபிள், ‘வீரத்துக்காக’ என்ற மெடலுக்கு 10 ரூபிள். 1948 தொடக்கத்திலிருந்து இந்தத் தொகைகள் நிறுத்தப்பட்டன, எண்கள் தங்கிவிட்டன. பதக்கம் பெற்றவனிடம் ஒரு சிறு புத்தகம் இருக்கும். அதில் அவன் பெயரும் அவன் பெற்ற பதக்கங்களின் எண்களும். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது உடனே பிடிபடும். பாஸ்புக் வாடிக்கையாளரிடம், லெட்ஜர் நம்மிடம். இரண்டிலும் ஒரே எண். இந்த லெட்ஜர் மாஸ்கோவுக்குத் தெற்கே பொதோல்ஸ்க் நகரில், பாதுகாப்பு அமைச்சகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

பதக்கம் யாருடைய சொத்து? அரசின் பதில் நெடுங்காலம் தெளிவாக இருந்தது: பெற்றவன் இறந்தால் அது அரசுக்குத் திரும்ப வேண்டும். ஆர்டர்களில் 1942இல் ஏற்பட்ட ‘தேசபக்தப் போர்’ ஒன்றுதான் விதிவிலக்கு. அதைக் குடும்பம் நினைவாக வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு 1977இல்தான் இந்தச் சலுகை வந்தது. அதாவது, கொடுக்கப்பட்ட மரியாதை ஒருவகை இரவல். பிறகு 1991. சோவியத் அரசு மறைந்தது. விலைவாசி பென்ஷனைத் தின்றது. மாஸ்கோவின் அர்பாத் தெருவிலும் இஸ்மாய்லோவோ சந்தையிலும் பதக்கங்கள் விற்பனைக்கு வந்தன. அரசுப் பதக்கங்களை வாங்குவதும் விற்பதும் ரஷ்யச் சட்டப்படி இன்றும் குற்றம். அது ஒருபுறம் இருக்க, பொருள்கள் எல்லை தாண்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. அடகு வைத்த தாலி மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போவதை நாம் அறிவோம். ஏலத்தில் எடுப்பவன் பவுனை எடுக்கிறான், உருக்கிவிடுகிறான். பதக்கம் வாங்குபவன் உருக்குவதில்லை. அவனுடைய பிரச்சினை அங்கே ஆரம்பிக்கிறது.

எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் காப்பகத்தில் ஓர் அட்டை கிடைக்கும். பெயர், பிறந்த வருஷம், ஊர், எந்தப் படைப்பிரிவு, வேறு என்னென்ன பதக்கங்கள். அட்டையிலிருந்து அரசாணைக்கு, அரசாணையிலிருந்து பரிந்துரைத் தாளுக்கு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ரஷ்யாவில் ஆள் பிடித்து, பணம் கொடுத்து இவற்றைப் பெற்றார்கள். 2010இல் பாதுகாப்பு அமைச்சகமே ‘மக்களின் வீரச்செயல்’ என்ற பெயரில் பரிந்துரைத் தாள்களின் படங்களை இணையத்தில் பொதுவில் வைத்தது. பேரப்பிள்ளைகள் தாத்தாவைத் தேடும் அதே இடத்தில் இன்று சேகரிப்பாளனும் தேடுகிறான்.

இலக்கிய விமர்சகனுக்கு இந்தப் பரிந்துரைத் தாள் ஒரு பிரதி. வீரச்செயலைச் சுருக்கமாகவும் திட்டவட்டமாகவும் விவரிக்கச் சொல்லும் ஒரு பகுதி அதில் உண்டு. நிரப்புகிறவன் வீரன் அல்ல, அவனுடைய அதிகாரி. எத்தனை பகைவர்களைக் கொன்றான், எத்தனை இயந்திரத் துப்பாக்கிகளை அழித்தான், காயம்பட்டும் எப்படிக் களத்தை விட்டு அகலாமல் நின்றான் என்று ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு படிப்படியாக மேலதிகாரிகளின் கையெழுத்துகள். மேலே போகப்போகப் பரிந்துரைத்த பதக்கம் ஒரு படி குறைந்துவிடுவதும் உண்டு. பயத்துக்கும் தயக்கத்துக்கும் அதில் இடமில்லை. இது பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு காரியத்துக்காக எழுதப்பட்ட உண்மை. மெய்க்கீர்த்தி படிப்பவர்களுக்கு வேண்டிய எச்சரிக்கை இங்கும் வேண்டும். ஆனால் மெய்க்கீர்த்தி அரசனுக்கு உரியது. இங்கே கூட்டுப்பண்ணை விவசாயிக்கும், தந்திக் கம்பி இழுத்தவனுக்கும் ஆளுக்கொரு மெய்க்கீர்த்தி. ஈரான் வழியாகச் செஞ்சேனைக்குச் சரக்கு கொண்டுபோன பணிக்காக இந்திய ராணுவத்தின் சுபேதார் நாராயண் ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் இருவருக்கும் 1944இல் செந்நட்சத்திரம் வழங்கப்பட்டது. நிக்கம் தமிழ்நாட்டுக்காரர். அவர் பெயர் இங்கே பரவலாகத் தெரியவந்தது 2020இல். சாதாரண மனிதனைப் பற்றி இவ்வளவு காகிதம் சேர்த்துவைத்த அரசுகள் குறைவு. அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்க ஒருவன் முன்வருவது, அவன் யாராக இருந்தாலும், அற்பமான காரியமல்ல. சேகரிப்பாளனுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான்.

இதற்கு எதிரான வாதமும் அதே காகிதத்திலிருந்துதான் பிறக்கிறது. பெற்றவன் யாரென்று கண்டுபிடிக்கப்பட்ட பதக்கத்துக்குச் சந்தையில் விலை அதிகம். தாளில் டாங்கி எரிந்தால் இன்னும் அதிகம். 1944 ஜூனிலிருந்து 1957 வரை, 15 வருஷம் பணியில் இருந்தாலே செந்நட்சத்திரம் கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. அப்படி வந்த பதக்கம் என்று தெரிந்தால் மதிப்பு இறங்கிவிடும். எண்ணை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சேகரிப்பாளன் உள்ளூர எதை விரும்புகிறான்? தன் பதக்கத்துக்கு உரியவன் சம்பளக் கணக்கு எழுதியவனாக இருந்துவிடக் கூடாது. நிறையப் பேரைக் கொன்றவனாக இருக்க வேண்டும். அவன் தனிப்பட்ட முறையில் நல்லவனாக இருக்கலாம். அவன் ஆசையின் அமைப்பு அப்படி. உண்மையைத் தேடுவதே பொருளின் விலையைக் கூட்டும் செயலாகவும் இருக்கும்போது தேடுபவனின் நேர்மைக்கு வெளிச்சாட்சி கிடையாது.

இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. வைஸ் அட்மிரல் கியோர்கி ஹொலொஸ்தியகோவ் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. 1938இல் கைது செய்யப்பட்டு, பதக்கங்கள் பறிக்கப்பட்டு, முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1940இல் நிரபராதி என்று விடுவித்தார்கள். 1943இல் நோவரசீஸ்க் அருகே நடந்த கடற்படைத் தரையிறக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். 1965இல் சோவியத் யூனியனின் வீரர் பட்டம். 1983 ஜூலையில் பத்திரிகைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஓர் இளம் தம்பதி, பதக்கங்களுக்காக அவரையும் அவர் மனைவியையும் கொன்றார்கள். அவருக்கு வயது 80. அதே பதக்கங்கள், முதலில் அரசு பறித்தது, பிறகு சந்தை பறித்தது. என்னைத் தொந்தரவு செய்வது கொலையாளிகள் கதவைத் திறக்க வைத்த விதம். “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்பது ஆராய்ச்சியாளனும் தட்டும் கதவு. இருவரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதை கேட்பது தன்னளவிலேயே புனிதமான காரியம் என்ற நம் நம்பிக்கை இதற்குப் பிறகு அப்படியே நிற்க முடியாது.

பதக்கத்தின் அர்த்தத்தைத் தீர்மானிப்பது அதைக் கொடுத்த அரசுதான், மற்றதெல்லாம் மிகையுணர்ச்சி என்று ஒரு கட்சி உண்டு. 1943 நவம்பர் 8 அன்று ஒரே நாளில் இரண்டு ஆர்டர்கள் நிறுவப்பட்டன: தளபதிகளுக்கு வைரம் பதித்த ‘வெற்றி’, சிப்பாய்களுக்கு ‘புகழ்’. பிரெஷ்நெவ், ஹொலொஸ்தியகோவ் போரிட்ட அதே நோவரசீஸ்க் பகுதியில் அரசியல் அதிகாரியாக இருந்தவர், 1978இல் ‘வெற்றி’யைப் பெற்றுக்கொண்டார். 1989இல், அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, அது ரத்து செய்யப்பட்டது. கொடுப்பதும் ரத்து செய்வதும் ஒரே கை. அந்தக் கை இன்று இல்லை. சிப்பாயின் ‘புகழ்’ மட்டும் ஏன் அர்த்தம் இழக்கவில்லை? அதன் பின்னால் நடந்த ஏதோ ஒன்று அரசாணையைச் சார்ந்திருக்கவில்லை என்பதால். சேகரிப்பாளன் தேடுவது அந்த ஏதோ ஒன்றை என்றால் அவன் தேடல் நியாயமானது.

ஆனால் அது எண்ணில் அகப்படுமா? 1985இல் வெளியான, போருக்குப் போன பெண்களைப் பற்றிய ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சின் நூலில், ஊருக்குத் திரும்பியதும் பதக்கங்களை மறைத்துக்கொண்ட பெண்கள் வருகிறார்கள். போர்முனையில் இருந்த பெண் என்றாலே நடத்தையைச் சந்தேகித்த சமூகம் அது. மறைத்துவைக்கப்பட்ட பதக்கத்தின் அட்டையில் எல்லாத் தகவலும் சரியாக இருக்கும், அந்த மறைத்தலைத் தவிர. இன்னொன்று, ‘லெனின்கிராட் பாதுகாப்புக்காக’ என்ற மெடல். 1942 டிசம்பரில் ஏற்படுத்தப்பட்டது. முற்றுகைக்குள் வேலை செய்த சாதாரண மக்கள் உட்படச் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு வழங்கப்பட்டது. அதில் எண் கிடையாது. பசியில் மனிதர்கள் லட்சக்கணக்கில் செத்த நகரத்தில் பிழைத்துக் கிடந்து, தொழிற்சாலைக்கு நடந்துபோன ஒரு பெண்ணின் பதக்கம் கையில் இருந்தாலும் அவளைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆராய முடியாததால் அது மலிவு. ஆக, ஆராய்ச்சி தன்னையறியாமல் ஒரு தரவரிசையை ஏற்படுத்திவிடுகிறது: கணக்கில் வந்த துன்பம் உயர்ந்தது, வராதது சில்லறை.

சேகரிப்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவல்ல. திருப்பிக் கொடுத்துவிடு என்பதும் சுலபமான உபதேசம். ரொட்டிக்காக விற்ற குடும்பத்துக்கு அதை மறந்துவிடவும் உரிமை உண்டு. நான் சொல்ல வருவது, அறிதல் உடைமையின் ஒரு பகுதி ஆகாது. பதக்கத்தை வாங்கியவன் உலோகத்தைத்தான் வாங்கினான். பெயர் அவனிடம் காவலுக்கு வந்தது. லாக்கர் நம் வங்கியில் இருப்பதால் உள்ளே உள்ளது நம்முடையதாகிவிடாது. எனவே கண்டுபிடித்ததைப் பொதுவில் வைக்க வேண்டும்; விலைப் பட்டியலில் அல்ல, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இடத்தில். 15 வருஷப் பணிக்காகப் பெற்றவனையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். பரிந்துரைத் தாளைப் பரிந்துரைத் தாளாகவே வைக்க வேண்டும், வாழ்க்கை வரலாறாக ஊதக் கூடாது. இந்த அளவுகோலைச் சந்தை ஏற்காது என்று தெரியும். இருந்தாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செந்நட்சத்திரங்களின் தட்டிலேயே, எண்ணில்லாத ஒரு லெனின்கிராட் மெடலையும், அதைப் பற்றி எழுத ஒரு வரியும் கிடைக்காது என்று தெரிந்தே, விற்காமல் வைத்திருக்கும் சேகரிப்பாளன் இருந்தால், மற்றவற்றைப் பற்றி அவன் எழுதியிருப்பதை நான் நம்பிப் படிப்பேன்.